புதன்கிழமை மடலில் வந்த குடும்பம்

இந்த நாட்டில் “உதவி வேணுமா” என்று யாரும் கேட்பதில்லை. “யூ ரைட்?” என்றுதான் கேட்கிறார்கள். கடையில் ஒரு தட்டுக்கு முன்னால் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றாலும் அதே கேள்வி. ரயில் நிலையத்துப் படியில் மூச்சு வாங்கி நின்றாலும் அதே கேள்வி. வந்த புதிதில் நான் அதைச் சொல்லுக்குச் சொல் விளங்கிக்கொண்டேன். நீ சரியான ஆள்தானா? சரியான இடத்தில்தான் நிற்கிறாயா? கொழும்பில் பொலிஸ் பதிவும் அடையாள அட்டையுமாக மூன்று வருடம் இருந்துவிட்டு வந்தவளுக்கு அது அப்படித்தானே கேட்கும். “யெஸ், யெஸ், ரைட்” என்று சொல்லிவிட்டு அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன். சிட்னிக்கு வந்து ஐந்து வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. அந்த ஆனி மாதம் மகளின் பள்ளிக்கூட வாசலில் எத்தனை பேர் என்னிடம் அதைக் கேட்டார்களோ தெரியாது. எல்லோருக்கும் நான் ரைட் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அது இரண்டாயிரத்து ஒன்பது. ஊரில் யுத்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்து ஒரு மாதம் கடந்திருந்தது. என் ஐயாவும் அம்மாவும் தங்கை வதனியும் கிளிநொச்சி வீட்டை விட்டு வெளிக்கிட்டு, இடம் மாறி இடம் மாறி, கடைசியில் கடற்கரைப் பக்கம் போனார்கள் என்பது வரை தெரியும். தை மாதம் ஐயா ஒருமுறை பேசினார். “நாங்கள் இருக்கிறம் பிள்ளை, நீ யோசிக்காதை” என்றார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. முகாம்களில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் என்று ஆளுக்காள் மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிழையான எழுத்துகளோடு வந்த அந்தப் பெயர்களை நான் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் வாசித்தேன். ஐயாவின் பெயரில் எத்தனையோ பேர் இருந்தார்கள். வயது பொருந்தினால் ஊர் பொருந்தாது. ஊர் பொருந்தினால் தகப்பன் பெயர் வேறாக இருக்கும்.

அழுதாயா என்று பிறகு பலர் கேட்டிருக்கிறார்கள். அழவில்லை. காலையில் அரிசியைக் களைந்து தண்ணீரில் போட்டுவிட்டு எதையோ எடுக்கப் போவேன். பின்னேரம் குசினிக்குள் வந்து பார்த்தால் அரிசி அப்படியே ஊறிக் கிடக்கும். கொட்டிவிடுவேன். அடுத்த நாளும் களைவேன். என் கணவர் சந்திரனுக்கு முதியோர் இல்லமொன்றில் பின்னேர வேலை. அவர் புறப்படும் முன் பாணுக்கு மாஜரின் பூசி மூடி வைத்துவிட்டுப் போவார். ஏழு வயது ஆரணி அதைச் சாப்பிட்டாள். அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கும் அதையே கொண்டுபோனாள். எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. கைத்தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருப்பதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடம் பரமட்டாவிலிருந்து ரயிலில் இரண்டு தரிப்புத் தள்ளி இருந்தது. ஒவ்வொரு புதன்கிழமையும் பிள்ளைகளின் பையில் நீலத் தாளில் ஒரு நியூஸ்லெட்டர் வரும். காணாமற்போன ஸ்வெட்டர்கள், பேன் பார்க்கும்படி வேண்டுகோள், கன்ரீனில் உதவ ஆட்கள் தேவை என்று இருக்கும். யூலை மாதத்துக் குளிரில் மாரி விடுமுறை என்பதே எனக்கு இன்னும் முழுதாகப் பழகவில்லை. ஊரில் அது வெயில் கொளுத்தும் காலம். விடுமுறைக்கு மூன்று கிழமை இருக்கும்போது வந்த மடலின் கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி போட்டிருந்தார்கள். நம் பள்ளிக் குடும்பங்களில் ஒன்று மிகவும் கடினமான காலத்தைக் கடந்துகொண்டிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர்களைப் பற்றிய செய்திக்காக அவர்கள் காத்திருக்கிறார்கள். விடுமுறைக்கு முன் அவர்களுக்குச் சில நாள் உணவு சமைத்துக் கொடுக்க விரும்புவோர் அலுவலகத்தில் பெயர் எழுதலாம். இவ்வளவுதான்.

அதை வாசித்தபோது எனக்குள் ஏதோ கொஞ்சம் அசைந்தது. பாவம், யாரோ என்று நினைத்தேன். அந்த வட்டாரத்தில் ஈராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருந்தன. அவர்களில் ஒருவராக இருக்கும். ஒரு சட்டி சோறாவது கொடுக்கலாம் என்று தோன்றியது. வீட்டில் அரிசியைக் கொட்டிக்கொண்டிருந்தவள்தான் அப்படி நினைத்தேன். எனக்கு அதில் எந்த முரணும் தெரியவில்லை.

அடுத்த நாள் காலை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஷெரில் என்றொரு பெண்மணி. வெள்ளை முடி, கழுத்தில் கண்ணாடிக்குச் சங்கிலி. என்னைக் கண்டதும் எழும்பி வந்தார்.

“யூ ரைட், லவ்?”

“யெஸ், ரைட்,” என்றேன். “சமைக்கிற பட்டியல். என் பெயரை எழுத வேண்டும்.”

ஷெரில் என்னைப் பார்த்தார். பட்டியல் மேசையில்தான் இருந்தது. அதன்மேல் மெதுவாகக் கையை வைத்தார்.

“அது நிரம்பிவிட்டது,” என்றார்.

“வெள்ளிக்கிழமைக்குக் கீழே இடம் இருக்கிறது. நான் உறைப்பில்லாமல் சமைப்பேன். பிரச்சினை இல்லை.”

“உங்களுக்கு என்னென்ன பிடிக்கும் என்று எழுதித் தருகிறீர்களா?”

சமைப்பவர்களுக்கு எது பிடிக்கும் என்று ஏன் கேட்கிறார் என்று நினைத்தேன். எனக்கு எதுவும் சரி, அந்தக் குடும்பம் எங்கே இருக்கிறது, அவர்கள் முஸ்லிம்களென்றால் கோழியை எங்கே வாங்க வேண்டும் என்று கேட்டேன். என் ஆங்கிலம் விளங்கவில்லையோ என்று இரண்டாம் முறை இன்னும் சத்தமாகச் சொன்னேன். ஷெரில் மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார். என் முழங்கையைப் பிடித்தார்.

“லவ்,” என்றார், “அந்தக் குடும்பம் நீங்கள்தான்.”

சுவரில் பிள்ளைகள் கடதாசியில் வெட்டி ஒட்டிய பென்குவின்கள் இருந்தன. நான் அவற்றை எண்ணினேன் என்று நினைக்கிறேன். வெட்கப்பட வேண்டும், அல்லது கோபப்பட வேண்டும். இரண்டும் வரவில்லை. யார் சொன்னது என்று மட்டும் கேட்டேன்.

ஆரணிதான் சொல்லியிருந்தாள். இங்கே திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் எழும்பி நின்று வார இறுதியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு நியூஸ் என்றே பெயர். ஒருவன் புது நாய்க்குட்டி வாங்கியதைச் சொன்னான். ஒருத்தி பனி பார்க்கப் போனதைச் சொன்னாள். என் மகள் எழும்பி, எங்கள் வீட்டில் அம்மா தொலைபேசிக்காகக் காத்திருக்கிறார், அதனால் சமைக்க நேரமில்லை என்று சொல்லியிருக்கிறாள். யார் பேசப்போகிறார்கள் என்று ரீச்சர் கேட்டிருக்கிறார். அம்மாவின் அம்மா, அம்மாவின் அப்பா, சித்தி என்று விரலை மடக்கியிருக்கிறாள். பிறகு நாய்க்குட்டிக்காரனைப் போல அவளும் தன் இடத்தில் போய் இருந்துவிட்டாள்.

அன்று பின்னேரம் அவளிடம் கேட்டேன். “ஏன் பிள்ளை வகுப்பில சொன்னனீங்கள்?”

“இட் வாஸ் மை நியூஸ்,” என்றாள்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து சாப்பாடு வரத் தொடங்கியது. அலுமினியத் தட்டுகளில் லசானியா, பாஸ்ரா, கோழி சூப், பெயர் தெரியாத ஒரு உருளைக்கிழங்குப் பண்டம். ஒவ்வொரு மூடியிலும் எத்தனை நிமிடம் சூடாக்க வேண்டும் என்று எழுதி ஒட்டியிருந்தது. அதற்குக் கீழே “மாட்டிறைச்சி இல்லை” என்றும் இருந்தது. அதையும் ஆரணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். கொண்டுவந்தவர்கள் உள்ளே வரவில்லை. வாசலில் தந்துவிட்டு, நோ வொரீஸ் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்கள். விடுமுறையில் பள்ளிக்கூடம் இருக்காது என்பதால் இரண்டு கிழமைக்கும் சேர்த்தே தந்தார்கள். எங்கள் ஃப்ரீசர் நிறைந்துவிட்டது. சந்திரன் அதைத் திறந்து பார்த்தார்.

“எங்கட ஆக்கள் ஒருத்தரும் இப்பிடி வரேல்லை,” என்றார்.

“அவையளும் எங்களை மாதிரித்தானே இருக்கினம்,” என்றேன். அது உண்மை. அந்த மாதம் எங்கள் ஆட்கள் எல்லோருடைய வீட்டிலும் யாரோ ஒருவர் கதிரையில் இருந்தார். ஆரணி லசானியாவை விரும்பிச் சாப்பிட்டாள். நான் அவளோடு இருந்து இரண்டு வாய் சாப்பிடுவேன். சுவை தெரியாது. வெட்டினால் துண்டாக வரும் சாப்பாடு என்பது மட்டும் தெரியும்.

கடைசிக் கிழமை புதன்கிழமை வந்தவர் உள்ளே வந்தார். தலையில் முக்காடு, கையில் துணியால் கட்டிய பெரிய பாத்திரம். “அஸ்மாவின்ர உம்மா,” என்று தமிழில் சொன்னார். “ஆரணியோட படிக்கிறா. என்ட பேர் ரிஸானா.” பள்ளி வாசலில் அவரைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் ஹலோ சொல்லியிருக்கிறோம்.

குசினியில் பாத்திரத்தைத் திறந்தார். அரிசிமாப் புட்டு, சூடை மீன் குழம்பு. அந்த மணம் வந்ததும் நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன்.

“நீங்கள் எந்த இடம்?” என்று கேட்டேன்.

“யாழ்ப்பாணம். சோனகத் தெரு. தொண்ணூறில வெளிக்கிட்டது. எனக்கு அப்ப பத்து வயசு.”

தொண்ணூறில் எனக்குப் பன்னிரண்டு. எங்கள் ஆட்களில் துவக்கு வைத்திருந்தவர்கள் போகச் சொல்லி, யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனம் உடுத்த உடுப்போடு தெற்கே போன நாட்கள். எங்கள் வீடு கிளிநொச்சியில் பெரிய வீதிக்கு அருகே. லொறியிலும் ட்ராக்டரிலும் நடந்தும் போனார்கள். கைக்குழந்தையோடு ஒரு மனுசி எங்கள் கேற்றடியில் நின்று தண்ணீர் கேட்டார். ஐயா ஒரு செம்பில் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் குடித்து முடித்ததும் செம்பை வாங்கிக்கொண்டு கேற்றைப் பூட்டினார். “உள்ளுக்குப் போ பிள்ளை” என்றார். குசினியில் மத்தியானச் சோறு அடுப்பால் இறக்கி இருந்தது. நான் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐயா கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். அன்று அவர் சாப்பிடவில்லை என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்தச் சோறு கேற்றைத் தாண்டிப் போகவில்லை.

“எங்கட வீடு ரோட்டுக்கரை,” என்றேன் ரிஸானாவிடம். “நாங்கள் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள்.”

அவர் புட்டைக் கோப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“ஓம். கனபேர் பாத்துக்கொண்டு நிண்டவை,” என்றார். பிறகு, “நானும் உடன எழுதேல்லை. பேர் எழுதப் போய் ரெண்டு தரம் திரும்பி வந்தனான். எங்கட வாப்பா கடைசி வரைக்கும் அந்தப் பயணத்தைப் பற்றி வாய் திறக்கேல்லை. அதையெல்லாம் யோசிச்சனான். பிறகு அஸ்மா வந்து சொன்னா, ஆரணி ஒவ்வொரு நாளும் பாண்தான் கொண்டு வாறா எண்டு.”

மன்னிப்புக் கேட்கவேண்டிய இடம் அது என்று தெரிந்தது. யாருக்காக, எந்தச் சொல்லால் கேட்பது என்று தெரியவில்லை.

“குழம்பு ஆறுது. சாப்பிடுங்கோ,” என்றார்.

சாப்பிட்டேன். கோப்பை முடியும் வரை அவர் முன்னால் இருந்தார். சூடை மீன் முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தேன். உப்பு, புளி, மிளகாய் மூன்றும் தனித்தனியே தெரிந்தன. அதைச் சந்தோசம் என்று சொல்ல மாட்டேன். மரத்த காலில் முதலில் வருவது வலிதான். போகும்போது ரிஸானா துணியை மடித்து எடுத்துக்கொண்டார். பாத்திரத்தை விட்டுவிட்டுப் போனார்.

விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை நல்ல மழை. அதனால் பிள்ளைகளை முற்றத்தில் விடாமல் மண்டபத்துக்குள் வரிசையாக இருத்தியிருந்தார்கள். பெற்றோர் கூரைக்குக் கீழே நெருக்கிக்கொண்டு நின்றோம். ரீச்சர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். அந்தப் பிள்ளையின் ஆள் கையை உயர்த்த வேண்டும். ஆளைக் கண்டபிறகுதான் பிள்ளையை விடுவார். குடையை மடக்கும்போது தொலைபேசி அடித்தது. நீளமான, தெரியாத எண்.

“அக்கா, நான் வதனி.”

ஆறு மாதமாக அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். வந்தபோது, ஓம் என்று மட்டும்தான் சொன்னேன்.

“முகாமில இருக்கிறம். ஒராள் ஒளிச்சு வைச்சிருக்கிற போன். கனக்கக் கதைக்கேலாது. அம்மாவும் நானும் இருக்கிறம். அம்மாவுக்குக் கால் ஏலாது, மற்றும்படி பரவாயில்லை.”

“ஐயா?”

பின்னால் சனத்தின் இரைச்சல் கேட்டது. எங்கோ ஒலிபெருக்கி கரகரத்தது.

“ஐயா வரேல்லை அக்கா. கடற்கரையில விட்டிட்டு வந்தனாங்கள்.”

விட்டுவிட்டு வந்தது என்றால் என்னவென்று எனக்கு விளங்கியது. அதை விளங்கிக்கொண்ட ஒருத்தி எனக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது. நான் தங்கையிடம், “சாப்பிட்டனீங்களோ?” என்று கேட்டேன்.

“இப்பதான் வரிசையில நிக்கிறம். பேர் கூப்பிடினம். அங்க என்னக்கா சத்தம்?”

“பள்ளிக்கூடம் விடுது. இஞ்சையும் பேர் கூப்பிடினம்.”

“ஆரணி வளந்திட்டாளோ?”

“ஓம். வளந்திட்டாள்.”

ஒலிபெருக்கியில் ஓர் ஆண்குரல் முதலெழுத்தோடு பெயர்களை வாசித்துக்கொண்டு போனது. மண்டபத்துக்குள் ரீச்சர் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தார். ஒரு காதில் ஐயாவின் வயதுக்காரர்கள், மற்றக் காதில் ஏழு வயதுப் பிள்ளைகள். நடுவில் கூரைத் தகரத்தில் மழை.

“அக்கா, அம்மான்ர பேர் கூப்பிடினம்,” என்றாள் வதனி. ஆனால் அவள் வைக்கவில்லை.

“அரானி,” என்று தன் உச்சரிப்பில் கூப்பிட்டார் ரீச்சர். என் மகள் எழும்பி நின்று கூட்டத்துக்குள் என்னைத் தேடினாள்.

நான் கையை உயர்த்தினேன். ரீச்சர் என்னைக் கண்டு தலையாட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். தொலைபேசிக்குள் அம்மாவின் பெயரை இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். என் கை இன்னும் மேலேயே இருந்தது.