நடுவில் யாருடைய தெரு?

டொராண்டோவில் தூரம் கேட்டால் யாரும் தூரத்தைச் சொல்வதில்லை, "இருபது நிமிடம்" என்பார்கள். காரிலா, பஸ்ஸிலா, பனியிலா என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். "உங்கள் ஊர் எவ்வளவு தூரம்?" என்று பக்கத்து வீட்டு மார்கரெட் கேட்டபோது நானும் "ஒரு நாள்" என்றேன். "பக்கம்தான்" என்றார். ஒரு நாள் கார் ஓட்டினால் போய்ச் சேரலாம் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

திருவாரூர்ப் பக்கம் எங்கள் ஊரிலும் அப்படித்தான், ஆனால் ஒரே இடத்துக்கு இரண்டு நேரம். மிராசுதார் தெரு வழியாகப் பள்ளிக்கூடம் கூப்பிடு தூரம். சேரிப் பிள்ளைகள் அந்தத் தெருவில் கால் வைக்கக் கூடாது. வாய்க்காலில் இறங்கி, வரப்பேறிச் சுற்ற வேண்டும். மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் புத்தகத்தைத் தலையில் வைத்துப் போன அப்பா, மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டார். பிறகு கூலிச் சண்டை, செங்கொடி, போலீஸ் அடி. சென்னையில் ஆட்சி மாறி, சில வருஷங்கள் கழித்து, உச்சவரம்பு நிலத்தில் அவருக்கும் ஒரு துண்டுக்குப் பட்டா வந்தது. நிலம் அந்தத் தெருவுக்கு அப்பால். மறுநாள், கூலி வேலைக்குப் போகும்போதுபோல் செருப்பைக் கையில் எடுக்காமல் காலில் போட்டுக்கொண்டு தெரு நடுவிலேயே வயலுக்குப் போனார். தெருவே வாசலுக்கு வந்து பார்த்ததாம்.

அம்மா போன பிறகு, அவரை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று நானே போய் அழைத்து வந்தேன். லண்டனில் மாறி ஏறிய விமானத்தில், எதிரே இருந்த திரையில் வரைபடம். எங்கள் பாதைக்கான கோடு நேராக மேற்கே போகாமல் வடக்கே வளைந்து இறங்கியது. அப்பா முகம் கடுகடுத்தது.

"நேரா போகாம ஏன்டா சுத்துறான்? நடுவுல யாரு தெரு கெடக்கு?"

சாப்பாட்டுத் தட்டிலிருந்த பன்னை எடுத்து, விரலால் கோடு இழுத்துக் காட்டினேன். உருண்டையில் அதுதான் குறுக்கு வழி, தட்டையாக விரித்தால் சுற்றாகத் தெரியும் என்றேன்.

"அப்ப இது பாக்கத்தான் சுத்து. நாங்க சுத்துனது நெசமாவே சுத்து" என்று சொல்லிவிட்டுப் பன்னைத் தின்றார்.

எங்கள் வீட்டிலிருந்து பூங்காவுக்கு, இரண்டு பெரிய வீடுகளுக்கு நடுவே ஒரு பொதுப்பாதை உண்டு. யாரும் போகலாம் என்று எத்தனை சொல்லியும் அப்பா அதில் போகவில்லை. தெருவைச் சுற்றித்தான் போவார். "உங்கள் அப்பாவுக்கு நடப்பது ரொம்பப் பிடிக்கும் போல" என்றார் மார்கரெட். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

மேட்டூர் அணை திறந்த செய்தி வந்ததும் டிக்கெட் போடச் சொன்னார்.

"இங்கேயே இருந்துடுங்களேன்ப்பா. தனியா அங்க என்ன பண்ணுவீங்க?" என்று கெஞ்சினேன்.

"அங்க அந்தத் தெருவுல செருப்பு போட்டு நடக்குறேன்டா. அடி வாங்கிக் கிடைச்ச தெரு. அத விட்டுட்டு இங்க வந்து மறுபடியும் சுத்தச் சொல்றியா?"

டிக்கெட் போட்டேன். விமான நிலையத்திலிருந்து தனியாகத் திரும்பியபோது அழுகை வந்தது.

இப்போது அவர் சாயங்காலம் வயலிலிருந்து திரும்பும்போது போன் செய்வார். எனக்கு அது வேலைக்குக் கிளம்பும் காலை. "தெருவுல வந்துகிட்டிருக்கேன்" என்பார். பின்னாலேயே செருப்புச் சத்தம் கேட்கும். பஸ் நிறுத்தம் பூங்காவுக்கு அந்தப் பக்கம். அவர் ஊருக்குப் போன நாளிலிருந்து அந்தப் பொதுப்பாதையில் என் காலும் ஏறுவதில்லை. நேற்று மூச்சு வாங்கியது அவருக்குக் கேட்டுவிட்டது.

"என்னடா, இன்னும் நடந்துகிட்டே இருக்கே?"

"சுத்திப் போறேன்ப்பா."

செருப்புச் சத்தம் நின்றது.

"ஏன், நடுவுல யாரு தெரு கெடக்கு?" என்றார்.