பீலி செருமிய காலை

இந்நிகழ்ச்சியை எழுதிவைப்பது என் கடமை என்று கருதுகிறேன். ஏனெனில், மலையகத்து அக்கரப்பத்தனைப் பக்கத்தில் இப்போது வீட்டுக்கு வீடு குழாய்க்கிணறு பற்றிய பேச்சுத்தான். நிலத்தின் மேற்பரப்புக்கு நம்மிடம் உறுதிப் பத்திரம் இருக்கிறது. அதன் அடியில் ஓடும் நீர் யாருடையது? சென்ற வாரம் வரை இக்கேள்வி என் மனத்தில் எழுந்ததே இல்லை.

என் அயலவர் சிவலிங்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர். நகரக் கடையொன்றில் உழைத்து, அந்த லயத்துக்கு மேலேயுள்ள மேட்டில் சொந்த வீடு கட்டியவர். தண்ணீர் மட்டும் இன்னும் கீழேதான். சரிவில் கசியும் ஊற்றைக் குழாய்வழி விழச் செய்து, அதனைப் பீலி என்கிறார்கள். லயத்தார் குடிப்பதும் குளிப்பதும் அதில்தான். முழங்கால் நோவோடு மனைவி மல்லிகா குடம் சுமந்து மேடேறுவதைக் காணப் பொறாமலே அவர் துளைப்பு இயந்திரத்தை வரவழைத்தார்.

நானும் பார்க்கப் போனேன். யாழ்ப்பாணத்தான் அல்லவா... எங்கள் சுண்ணாம்புப் பாறையில் தோண்டிய இடமெல்லாம் நீர் ஊறும். இங்கோ கருங்கல். நீர் அதன் வெடிப்புகளில் மட்டுமே ஓடும். வெடிப்பு அகப்பட்டால் கிணறு, அகப்படாவிடில் வெறுந்துளை. இவ்வளவும் நான் அறிவேன். அறிந்தும் என்ன?

இயந்திரம் அழுத்தக் காற்றைச் செலுத்தித் துளைக்கிறது. அரைபட்ட கல்தூள் துளைவாயில் புகையாக எழுகிறது. திடீரென்று அந்தப் புகை நின்றது. இயந்திரக்காரரின் முகம் மலர்ந்தது.

"வெடிப்பு கெடச்சிருச்சுங்க. இனி தண்ணி நிச்சயம்."

புகை எங்கே போயிற்று? — ஒருவரும் கேட்கவில்லை.

சற்று நேரத்தில் சரிவிலிருந்து ஒரு பெண் ஏறி வந்தார். தலையில் சவர்க்கார நுரை. முகமெல்லாம் சாம்பல்நிறச் சேறு. சிவலிங்கத்தின் தங்கை ராணி. இன்றும் லயத்தில் வாழ்பவர்.

"என்னண்ணே பண்றீங்க? பீலி செருமுது. ஒரு மடக்கு தண்ணி, ஒரு மடக்கு காத்து, பொறவு ஒரே சேறு."

சிவலிங்கம் சிரித்துவிட்டார். "பவுடர் போட்ட மாதிரிதான் இருக்க."

"சிரிங்க. லயத்துச் சனம் பூரா குடத்தோட நிக்குது. அங்க வந்து சிரிங்க பாப்பம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேட்டில் செலுத்திய காற்று பள்ளத்துப் பீலியின் வாயால் வெளிப்படுகிறதென்றால், இரண்டுக்கும் வழி ஒன்றே!

"பயப்படாதீங்கம்மா, கலங்குனது தெளிஞ்சிரும்" என்றார் இயந்திரக்காரர்.

"தெளியட்டும். தெளிஞ்ச தண்ணி இங்க வருமா, அங்க வருமா?"

இயந்திரக்காரர் பொய் சொல்லவில்லை. "பம்பு போட்டா... இங்கதாங்க வரும்."

சிவலிங்கத்தின் சிரிப்பு அடங்கியது. வாசற்படியில் அமர்ந்திருந்த மல்லிகாவைப் பார்த்தார்.

"என்னய ஏன் பாக்குறீங்க?" என்றார் அவர். "குழாயத் தெறக்கறப்பல்லாம் இது எந்த வீட்டுக் கொடத்துத் தண்ணின்னு நெனச்சுக்கிட்டா ஒல வைக்கிறது? மூடச் சொல்லுங்க."

"ஒன் காலு?"

"காலு எனக்குத்தான வலிக்குது."

துளையைக் களிமண்ணும் சீமெந்தும் இட்டு அடைத்தார்கள். பீலி தெளிந்துவிட்டது. ஆயினும் நீர் முன்னையிலும் மெலிந்தே விழுகிறது. மழைக்குப் பிறகு சரியாகிவிடும் என்கிறார் சிவலிங்கம். ஆகாவிட்டால்? பீலியடியில் மல்லிகாவைக் கண்டதும் வரிசையில் எல்லோரும் விலகி இடம் விடுகிறார்கள். பேச்சுத்தான் இல்லை.

நான் புவிச்சரிதவியல் பயின்றவன் அல்லன். அடைபட்ட வெடிப்பு நீரைப் பழைய வழிக்கே திருப்புமா, வேறெங்கேனும் கொண்டு போகுமா என்று உறுதியாகச் சொல்ல என்னால் இயலாது. இங்கே நான் கூறியவற்றில் பிழை கண்டோர் அன்புகூர்ந்து திருத்தி எழுதுக — மேட்டில் வீடு கட்டிய அடுத்தவர் இயந்திரத்தை அழைப்பதற்கு முன்.