ஆரைப் பார்க்க வந்தனீங்கள்?

போன வியாழக்கிழமை பின்னேரம் செல்வரத்தினம் அண்ணை போன் எடுத்தார்.

“தம்பி, டவுன்ரவுன் பக்கம் ஒருக்காப் போகோணும். கொண்டுபோய் விடுவீரோ?”

“எங்கை அண்ணை?”

“உதில.”

நாங்கள் இருக்கும் மில்லிக்கனில் இருந்து டவுன்ரவுன், அதுவும் வியாழக்கிழமை பின்னேர ட்ரஃபிக்கில் — ஒன்றேகால் மணித்தியாலம். அதற்குப் பெயர் ‘உதில’, பக்கத்திலையாம்!

ஆனால் அவரைக் குறைசொல்லி என்ன? எங்கட ஆட்களிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டு, ஒழுங்கான பதில் வாங்கிய யாராவது இருக்கிறீர்களா? முதலில், வெளிக்கிடும்போது அப்படிக் கேட்பதே குற்றம். போற காரியம் சரிவராதாம். கேட்டாலும் ‘உதில’, ‘சும்மா’, ‘போட்டு வாறன்’. வீடு பற்றி எரிந்து அவசர உதவிக்கு அடித்தாலும், ‘உதில கொஞ்சம் புகையுது’ என்றுதான் சொல்லுவோம். நானும் அதே சாதிதான்.

சரி, அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். எண்பதை நெருங்குகிறார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் ஒரே கட்டடம், ஒரே மாடி. இப்போது இருவரும் மில்லிக்கன். மனைவி காலமாகிச் சில வருஷங்கள். தனி ஆள். அண்மையில் முழங்காலில் ஒப்பரேஷன், அதனால் கையில் ஒரு பொல்லு. பிள்ளை என்று ஒரேயொரு மகன் — ரமணன்.

ரமணன் ஒரு பாடகன். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடுகிறவன். என்ன பாட்டு? கன்ட்ரி றொக்.

அதென்ன கோதாரி என்று சிலர் கேட்பீர்கள். தொப்பி, பூட்ஸ், லொறி, நீண்ட ரோட்டு, விட்டுப்போன காதலி — இதையெல்லாம் கிற்றாரைக் கொஞ்சம் கோபமாக அடித்துப் பாடினால் கன்ட்ரி றொக். என் அறிவு அவ்வளவுதான்.

மற்ற வீட்டுப் பிள்ளைகள் மிருதங்க அரங்கேற்றத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த காலத்தில், இவன் அடகுக்கடையில் ஒரு பழைய கிற்றாரை வாங்கி வந்தான். “உது சோறு போடாது. வீட்டுக்குள்ள சத்தம் கேக்கப்படாது” என்று அண்ணை சொல்லிவிட்டார். பெடியன் கீழே உடுப்புத் தோய்க்கிற அறைக்குப் போய்விட்டான். நான் வேலை முடிந்து வந்து உடுப்புத் தோய்க்க இறங்கினால், மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவில் ஒரு வாங்கில் குந்தியிருந்து பாடிக்கொண்டிருப்பான். என்னைக் கண்டதும் நிறுத்திவிடுவான்.

பிறகு? மூன்று அல்பம் போட்டான். ஒரு வானில் நாலு பெடியளும் வாத்தியங்களுமாக சட்பரி, தண்டர் பே, வினிப்பெக் என்று ஊர் ஊராகத் திரிந்தான். ஒரு கோடைகாலம் முழுக்க அவனுடைய பாட்டொன்று ரேடியோவில் ஓடியது. அந்தக் கோடையோடு சரி.

பாருக்குப் பாடப் போனால், ‘உன்ரை சித்தார் எங்கே?’ என்று கேட்டார்களாம். எங்கட பிறந்தநாள் பார்ட்டிக்குக் கூப்பிட்டவர்கள், ‘தம்பி, உந்தத் தொப்பியைக் கழட்டிப்போட்டு ஒரு சினிமாப் பாட்டு எடுத்து விடும்’ என்றார்களாம். இரண்டு பக்கமும் கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் இரண்டு பக்கமும் வேறு யாரையோ நினைத்துக்கொண்டுதான் அவனைக் கூப்பிட்டார்கள்.

கூட வாசித்தவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கல்யாணம், வீடு, பிள்ளை. கடைசியாக ட்ரம்ஸ் அடித்தவரும் வீடு விற்கிற ஏஜென்ட் ஆகிவிட்டார். இந்த ஊரில் வேறென்ன நடக்கும்? இப்போது ரமணனுக்கு நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. பகலில் ஸ்கூல் பஸ் ஓடுகிறான். றிச்மண்ட் ஹில் கோயிலில் யாராவது மகனைப் பற்றிக் கேட்டால் அண்ணையிடம் ஒரு பதில் தயாராக இருக்கும் — “அவன் ட்ரான்ஸ்போர்ட்டேஷனில.” கேட்பவர் ஏதோ பெரிய பதவி என்று நினைத்துக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போவார்.

காரில் இதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. ஏதோ ஸ்பெஷலிஸ்ட் டொக்டரிடம் போகிறார் என்றுதான் நினைத்தேன். குயின் வீதியில் ஒரு பாருக்கு முன்னால், “நிப்பாட்டும்” என்றார். பார்த்தால், கண்ணாடிக் கதவில் அன்றைக்குப் பாடுகிறவர்களின் போஸ்டர். மூன்று பெயர்கள். முதலாவது, ‘றே’. அதுதான் எங்கட ரமணன். மேடைக்கு அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறான்.

“அண்ணை... இது...”

“ஏனெண்டு கேளாதையும். வந்ததுதான் வந்தீர், உள்ளுக்கு வாரும்.”

வாசலில் உயர்ந்த ஸ்டூல் ஒன்றில், மூக்கில் வளையம் போட்ட ஒரு பெட்டை. சிரித்த முகம். ஆங்கிலத்தில் கேட்டாள் — இன்றைக்கு ஆரைப் பார்க்க வந்தனீங்கள்?

அண்ணை ஒரு கணமும் யோசிக்கவில்லை. “நோ, நோ. நோபடி. ஜஸ்ட் கம்.”

என்னைப் பார்த்தாள். எனக்கும் வாய் தன்பாட்டில் திறந்தது. “நான் சும்மா, இவரோட வந்தனான்.” அவள் கடதாசியில் என்னவோ கீறிவிட்டுக் கையில் முத்திரை குத்தினாள்.

உள்ளே தூணுக்குப் பின்னால் ஒரு மேசை. அண்ணை நேரே அதற்குத்தான் போனார். பழகின இடம் போல. ஜக்கெட்டைக் கழற்றவில்லை, தொப்பியையும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அடிக்கடி வாறனீங்களோ?”

“மாதக் கடைசி வியாழன் அவன்ரை முறை. மனிசி போன பிறகு ஒண்டும் விட்டதில்லை. இவ்வளவு நாளும் பஸ்ஸிலதான் வந்தனான், இப்ப கால் விடுதில்லை.”

“ரமணனுக்குத் தெரியுமோ?”

“ஏன் தெரியோணும்?”

ரமணன் மேடைக்கு வந்தான். தாடி நரைத்துவிட்டது. ஒரு கிற்றார், ஒரு மைக், தொப்பி. பாரில் நாலைந்து பேர் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சோடி, ஆளுக்கொரு போனில். அவன் யாரையும் பார்க்காமல் பாடத் தொடங்கினான். நல்ல குரல். கொஞ்சம் உடைந்த, ஆனால் பொய் இல்லாத குரல். ஐயோ, இவ்வளவு நல்லாப் பாடுவானா!

அண்ணை என் காதில் முணுமுணுத்தார். “எல்லாப் பாட்டிலையும் ஒரு லொறி வருது. எங்கட பரம்பரையில ஆரிட்டை லொறி இருந்தது?”

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

“பாதி எனக்கு விளங்கிறேல்லைத் தம்பி. ஆனா வீட்டை வந்தா அவன் கதைக்கிறேல்லை. ‘சாப்பிட்டீங்களா’, ‘ஓம்’. அவ்வளவுதான். இஞ்ச வந்தா முக்கால் மணித்தியாலம் கதைக்கிறான்.”



அடுத்த பாட்டு மெதுவானது. ஒரு தகப்பன் சாப்பாட்டை மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு நைட் ஷிஃப்டுக்குப் போகிறார். மகன் வந்து, சூடாக்காமல் நின்றபடி சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறான். காலமை தகப்பன் வர, மகன் போய்விடுகிறான். கழுவி வைத்த சாப்பாட்டுக் கோப்பை மட்டும் இருக்கிறது. அவ்வளவுதான் பாட்டு.

அண்ணை பொல்லின்மேல் நாடியை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், “உதில மட்டும் லொறி இல்லை” என்றார்.

அப்போதுதான் ரமணன் மைக்கில் கதைத்தான். இந்த இடத்தில் இதுதான் தன்னுடைய கடைசி வியாழன் என்றான். தனக்காக ஒருத்தரும் வருவதில்லை என்று நிர்வாகம் சொல்கிறது, அவர்களிலும் பிழை இல்லை என்று சொல்லிச் சிரித்தான். கூட யாரும் சிரிக்கவில்லை. ஒருவரும் காது கொடுக்கவும் இல்லை.

“என்னவாம்?” என்றார் அண்ணை. சொன்னேன்.

“ஒருத்தரும் வாறேல்லையாமோ? அப்ப நான் ஆர்?”

எனக்கு வாசல் பெட்டை கடதாசியில் கீறினது ஞாபகம் வந்தது. எழும்பிப் போய்க் கேட்டேன். அவள் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். ஒரு இரவுக்கு மூன்று பேர் பாடுகிறார்கள். வருகிறவரிடம், யாருக்காக வந்தீர்கள் என்று கேட்டு அந்தப் பெயருக்குக் கீழே ஒரு கோடு. யாருக்குக் கோடு சேருதோ அவருக்குத்தான் தொடர்ந்து மேடை. “அந்த வயசான ஜென்டில்மன் ஒவ்வொரு மாதமும் வாறவர்” என்றாள். “பாவம், ஒருத்தருக்காகவும் வரேல்லை எண்டுதான் எப்பவும் சொல்லுவார்.”

கடவுளே!

திரும்பி வந்து அண்ணைக்குச் சொன்னேன்.  மேடையில் ரமணன் கடைசிப் பாட்டைத் தொடங்கியிருந்தான்.

“தம்பி, ஊரில சண்டைக் காலத்தில துவக்கோட வாசலில மறிச்சு வைச்சு, ‘ஆரைப் பாக்க வந்தனி’ எண்டு கேட்டவனுக்கு ஆராவது பேர் சொன்னதே? சொன்னா, அடுத்த நாள் அந்தப் பேருக்குரியவன் வீட்டில இருக்கமாட்டான். வாயில வராது தம்பி. அவன்ரை பேர் வாசலில எனக்கு வாயில வராது.”

எனக்குத் தெரியும். என் வாயும் அதே வாய்தானே? மகனைக் காப்பாற்றுகிற பழக்கத்தில் மனிதர் மகனின் மேடையைத் தின்றுவிட்டார்.

அண்ணை பொல்லை ஊன்றி எழும்பினார். நேரே வாசலுக்குப் போனார். தொப்பியைக் கழற்றினார்.

“பிள்ளை. ஐ கம் ஃபோர் செல்வரத்தினம் ரமணன்.”

கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்வது போலச் சொன்னார். நட்சத்திரம் சொல்லாததுதான் மிச்சம். பெட்டை முழித்தாள். அப்படி ஒருவரும் இன்றைக்குப் பாடவில்லையே என்றாள். அண்ணை பொல்லைத் தூக்கி மேடையைக் காட்டினார்.

“தட் மான். மை சன்.” பிறகு என்னிடம், “முந்தி வந்ததுக்கும் சேர்த்துப் போடச் சொல்லும் தம்பி.”

பெட்டையின் முகம் மாறிவிட்டது. ஒரு கோடு கீறினாள். எனக்கும் ஒன்று. ஆனால் அடுத்த மாத வியாழனை ஏற்கெனவே வேறு ஆட்களுக்குக் கொடுத்தாயிற்று என்று மெல்லமாகச் சொன்னாள். தன் கையில் ஒன்றும் இல்லையாம். அவளைக் குறைசொல்ல முடியாது.

நாங்கள் அங்கேயே நின்றுகொண்டிருக்க, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரமணன் வந்துவிட்டான். தகப்பனைக் கண்டதும் அப்படியே நின்றான்.

“அப்பா.”

“ம்.”

“சாப்பிட்டீங்களா?”

“ஓம். நீ?”

“ஓம்.”

இருவரும் சாப்பிட்டிருக்கவில்லை என்று நான் சத்தியம் பண்ணுவேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பெட்டை அந்தக் கடதாசியை ரமணனின் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவன் பார்த்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

“காலமை பஸ் ஓடோணும்” என்றான்.

“ஓம். பாத்து ஓடு. ரோட்டு வழுக்கும்.”

அவன் தன்பாட்டில் போனான், நாங்கள் எங்கள்பாட்டில் வந்தோம்.  காரில் நான் ரேடியோ போடவில்லை. அவரை இறக்கிவிட்டு, லைட் போடாத அந்த வீட்டுக்குள் அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நகரம் முழுக்க எங்கட ஆட்கள். அதற்குள்ளே ஒரு தகப்பன் தனியாக, ஒரு மகன் தனியாக... எப்படி இவ்வளவு கெட்டித்தனமாகத் தனித்திருக்கப் பழகினோம்?

ஞாயிற்றுக்கிழமை றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனேன். சப்பாத்துக் கழற்றும் இடத்தில் தெரிந்த ஒருவர் பிடித்துக்கொண்டார்.

“மகன் இப்ப என்ன செய்யிறார் அண்ணை?”

நான் ட்ரான்ஸ்போர்ட்டேஷனுக்காகக் காத்திருந்தேன்.

“பாடுறவன்” என்றார் அண்ணை.

“அட! எங்கை பாடுறார்?”

“இப்ப ஒரு இடமும் இல்லை. தேடுறம்.”

உங்களில் யாருக்காவது ஒரு மேடை தெரிந்தால் சொல்லுங்கோ. வாசலில் பெயர் கேட்கிற இடமாக இருந்தால் இன்னும் நல்லது — இரண்டு கோடு உறுதி.