மனுவில் இல்லாத முட்டை

ஞானபாக்கியம் சிஸ்டருக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும். அப்புறம்தான் வாய் திறக்கும். 1986-இல், இராஜபாளையத்தில் அவர் நர்சாக வேலை பார்த்த தர்ம ஆஸ்பத்திரியில், அந்த மூக்கு ஆறு மாதம் சிவந்தே கிடந்தது. காரணம் முட்டை.

ஊசிகளைக் கொதிக்க வைக்கும் ஸ்டெரிலைசர் அங்கே ஒன்றுதான். பெரிய டாக்டர் சங்கரலிங்கம் விடிந்ததும் வந்து, தம் காலைப் பலகாரத்துக்கு அதில் மூன்று முட்டை அவிப்பார். வெந்ததும், கரண்ட் வீண் என்று சுவிட்சை அணைத்துவிடுவார்; மறுபடி போடவும் விடமாட்டார். மிச்ச வெந்நீரில்தான் ஊசிகளை ஒரு முக்கு முக்கி எடுக்க வேண்டும்.

"சுடுதண்ணி சுடுதண்ணிதானம்மா. முட்டைக்கு வேற, ஊசிக்கு வேறயா?" என்பார். எம்.பி.பி.எஸ். படித்தவர் பேசுகிற பேச்சு!

மில்லுக்குப் போகும் சீனியம்மாளுக்கு ஊசி போட்ட இடம் சீழ் பிடித்தது. உட்காரவும் முடியாமல் மல்லாக்கப் படுக்கவும் முடியாமல் இருபது நாள் கிடந்தார். புண்ணுக்குக் கட்டுப் போட்டவர் ஞானபாக்கியம். ஊசி போட்டவரும் அவர்தான். "என் கையாலயே கெடுத்துட்டேனே ஏசப்பா" என்று மருந்து அறையில் உட்கார்ந்து அழுதார்.

அழுது முடித்ததும், ஆஸ்பத்திரியை நடத்துகிற, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்த டிரஸ்ட் ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினார். அவருடைய முத்து முத்தான கையெழுத்து எல்லோருக்கும் தெரியும் என்பதால் இடது கையால் எழுதினார். ஊசிகளைச் சரியாகக் கொதிக்க வைப்பதில்லை, நோயாளிகளுக்குச் சீழ் பிடிக்கிறது, அவ்வளவுதான். முட்டை விஷயம் அவரையும் டாக்டரையும் தவிர யாருக்கும் தெரியாது. அதை எழுதினால் ஆள் யாரென்று தெரிந்து வேலை போய்விடும். கணவர் இல்லாத வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

டிரஸ்ட் ஆபீசுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார்மீது புகாரோ, அவருக்கே மனுவை அனுப்பி விளக்கம் கேட்கும். டாக்டருக்கு அந்தக் கிறுக்கல் விளங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கடிதங்களை எப்போதும் எழுதித் தருகிற ஞானபாக்கியத்தைக் கூப்பிட்டார்.

"எவனோ கோழி கிண்டுன மாதிரி எழுதியிருக்கான். செத்த படிச்சுச் சொல்லும்மா."

தம் மனுவைத் தாமே படிக்க ஆரம்பித்தார். சீழ் என்ற இடம் வந்ததும் மூக்கு சிவந்துவிட்டது. காகிதத்தில் இல்லாததெல்லாம் வாயில் வந்தது.

"பெரிய டாக்டர் ஸ்டெரிலைசர்ல முட்டை அவிக்காருன்னு போட்டிருக்கு சார்."

"அப்படியா போட்டிருக்கு?"

"தினம் மூணுன்னும் போட்டிருக்கு."

"பச்சைப் பொய்! வெள்ளிக்கிழமை நான் முட்டையத் தொடுறதே இல்ல. எழுதும்மா பதில!"

அவர் சொல்லச் சொல்ல, ஞானபாக்கியம் ஒரு எழுத்து விடாமல் எழுதினார். 'ஸ்டெரிலைசரில் முட்டை அவிப்பதாகக் கூறுவது அபாண்டம். வெள்ளிக்கிழமைகளில் அறவே இல்லை. மற்ற நாட்களிலும் மூன்றுக்கு மேல் போனதில்லை.' டாக்டர் கம்பீரமாகக் கையெழுத்துப் போட்டார்.

நாலாம் நாள் காலையில் டிரஸ்ட் செயலாளர் சுந்தரபாண்டியன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, நேராகப் போய் ஸ்டெரிலைசர் மூடியைத் திறந்தார். உள்ளே மூன்று முட்டை துள்ளிக்கொண்டிருந்தது.

"மனுவுல முட்டைன்னு ஒரு வார்த்தை கிடையாதே டாக்டர். நீங்களா ஏன் முட்டைக்கு வந்தீங்க?"

டாக்டர் மெல்லத் திரும்பி ஞானபாக்கியத்தைப் பார்த்தார்.

"முட்டையச் சேத்துப் படிச்சது நான்தான் சார். மனு எழுதுனதும் நான்தான்" என்றார் ஞானபாக்கியம்.

அன்றிலிருந்து ஊசிகள் இருபது நிமிடம் கொதித்தன. டாக்டருக்கு டிரஸ்ட் செலவில் தனி ஸ்டவ் ஒன்று வந்தது. ஞானபாக்கியத்துக்கு வந்தது, ஸ்ரீவில்லிபுத்தூரையும் தாண்டி மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புப் பக்கம் நோயாளிகளைவிடக் குரங்குகள் அதிகம் வருகிற கிளைக்கு மாற்றல். நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. எட்டு வருடம் அங்கேதான் இருந்தார்.

இராஜபாளையத்தை விட்டு அவர் புறப்பட்ட நாளில் சீனியம்மாள் நொண்டி நொண்டி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, ஜன்னல் வழியாக ஒரு துணிப்பொட்டலத்தைத் திணித்தார். உள்ளே ஒரு டஜன் அவித்த முட்டை, சூடு ஆறாமல்.

"எங்க வீட்டு அடுப்புல அவிச்சது சிஸ்டர். தைரியமாச் சாப்பிடுங்க."

ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குள், அழுதுகொண்டே நாலு முட்டை தின்றுவிட்டார் ஞானபாக்கியம். டாக்டரைவிட ஒன்று கூடுதல்.