சத்தமில்லாத பம்ப்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர், இரண்டு வீட்டு ஷவருக்கும் சேர்த்துப் போட்ட பம்ப்பின் சத்தத்தில் தியானம் கலைகிறதென்று தினமும் குறைபடுவார். அலுத்துப்போய், குழாயைத் திறந்தாலே ஓடும், சத்தமே வராத பம்ப்பாகத் தேடி மாட்டினோம்.

பௌர்ணமியன்று கிரிவலம் முடித்து வீங்கிய காலோடு திரும்பினால், மாடியில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். அவர் ஷவரைச் சரியாக மூடாமல் வெளியே போயிருக்கிறார். தொட்டி காலியான பிறகும் பம்ப் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

"வீட்லதானே இருந்தீங்க?" என்றேன் கணவரிடம்.

"சத்தம் வந்தாத்தானே தெரியும்!"

இப்போது தண்ணீர் தீர்ந்தால் தானாக நிற்கும் பம்ப் போட்டிருக்கிறோம். அது ஓடும்போது எரிய, மாடிப்படியில் ஒரு சிவப்பு பல்பும் வைத்திருக்கிறேன்.

"வெளிச்சத்துல தியானம் கலையுதுங்க" என்று நேற்று வந்து நின்றார் மாடிக்காரர்.

"கண்ணை மூடிக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.