தேத்தண்ணி பசியாறலா?

பிரிக்ஃபீல்ட்ஸ் டாக்டர் குணேஸ்வரியைக் கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் மானம் போய்விடும். ஊரே மணப்பெண்ணின் அட்டிகையைப் பார்க்கும். இந்த அம்மா அட்டிகைக்கு மேலே கழுத்தைப் பார்ப்பார். "எச்சிலை விழுங்கு பாப்பம்" என்று பந்தியிலேயே ஆரம்பித்துவிடுவார். தைராய்டு வீங்கியிருந்தால் விழுங்கும்போது அது ஏறி இறங்குமாம். தைராய்டு கெட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதியும் சேர்ந்து வருகிறதா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. எழுபத்தெட்டாம் வருடத்தில் அவருக்கு வேறு நினைப்பே கிடையாது.

அடடா, அது ஒரு காலம்! இருட்டுப் பிரிவதற்குள் பழைய மொரிஸ் காரில் கிள்ளானுக்குக் கிளம்பிவிடுவார். பக்கத்தில் தாதி சீதாலெட்சுமி, மடியில் ஐஸ்பெட்டி. போகிற வழியெல்லாம் ரப்பர் மரம், சன்னல் வழியே குளிர்காற்று. இன்றைக்கு அந்தச் சாலையில் போனால் கட்டடத்தைத்தான் எண்ணலாம்.

லோரி ஓட்டுகிறவர்களும் துறைமுக வேலைக்காரர்களும் குடியிருந்த பலகை வீடுகள். வெறும் வயிற்றில்தான் ரத்தம் எடுக்க வேண்டும். யாழ்ப்பாணத் தமிழ் பேசும் வீட்டில் வளர்ந்த குணேஸ்வரி, இவர்களிடம் இவர்கள் பேச்சிலேயே கேட்க வேண்டும் என்று ஆசை ஆசையாக ஒரு கேள்வி பழகி வைத்திருந்தார்: "பசியாறியாச்சா?" காலைச் சாப்பாட்டுக்கு அங்கே அதுதான் சொல். "இன்னும் இல்ல டாக்டரம்மா" என்பார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஊசியை எடுப்பார்.

தைராய்டு கெட்ட முந்நூறு பேரில் நூறு பேருக்குச் சர்க்கரை என்று வந்தது. சிங்கப்பூர் மாநாட்டில் வாசிக்கக் கட்டுரையும் தயார். கிளம்ப ஆறே நாள் இருக்கும்போது, சின்னையா என்ற கிழவர் இனிக்க இனிக்க டின்பால் ஊற்றிய ஒரு குவளைத் தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.

"பசியாறியாச்சா?"

"இன்னும் இல்ல டாக்டரம்மா."

"அப்ப நீங்க குடிச்சது?"

"அது தேத்தண்ணி லா! அதைப் போய் யாராச்சும் பசியாறல்னு சொல்லுவாங்களா?"

அந்த நூறு பேரில் எத்தனை பேருக்குக் காட்டியது வெறும் தேத்தண்ணிச் சீனியோ என்று குணேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை வீடு, எத்தனை குவளை! ஆராய்ச்சித் தலைவர் சிவகுருநாதனோ சிரித்தார். "தேத்தண்ணிக் கதை சிங்கப்பூருக்குத் தெரியாது. பேசாமப் போய் வாசிச்சுப்போட்டு வாரும்" என்றார். வந்ததே கோபம் குணேஸ்வரிக்கு! கட்டுரையை அன்றைக்கே திரும்ப வாங்கிக்கொண்டார். ஒரு வருட உழைப்பு பாழ். அதுகூடப் பரவாயில்லை. சர்க்கரை என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்த அந்த நூறு வீடுகள்தான் அவர் நெஞ்சை அரித்தன. இனி தான் சொன்னால் எவர் நம்புவார்?

முதலில் நாகையா வீடு. வண்டியோட்டும்போது மயக்கம் வந்துவிடும் என்று பயந்து, லோரியையே விட்டிருந்தார் அந்த மனிதர். குணேஸ்வரி நடந்ததைச் சொல்லி, மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும் என்றார். நாகையாவின் மனைவி இராஜம்மா பிடித்துக்கொண்டார்.

"படிச்சவங்கதானே நீங்க? மூணு மாசமா இந்த மனுஷன் லோரி ஏறல. செத்தவன் மாதிரி மூலையில குந்திக்கிட்டு இருக்காரு. இப்ப வந்து கேள்வி தப்புன்னா?"

"பிழை என்னிலதான் அக்கா. நான் சரியாக் கேக்கேல்லை."

இராஜம்மா இன்னும் நன்றாகத் திட்டினார். அத்தனையையும் வாங்கிக்கொண்டு குணேஸ்வரி தலைகுனிந்து நின்றார். திட்டி ஓய்ந்ததும், முன்பு ஊசியைக் கண்டதும் தாதியை விரட்டியடித்த அதே இராஜம்மா கையை நீட்டினார்.

"எனக்கும் எடுங்க. ராத்திரியில இருந்து பச்சத்தண்ணி படல."

அடுத்த வாரம் முடிவு வந்தது. நாகையாவுக்கு ஒன்றுமில்லை. கேட்டதும் மனிதர் லோரி முதலாளியைப் பார்க்கச் சட்டை மாட்டக் கிளம்பிவிட்டார். குணேஸ்வரி வாசலிலேயே நின்றார். இராஜம்மாவுக்குச் சர்க்கரை ஏகத்துக்கும் ஏறிக் கிடந்தது. அதே வீட்டில் அதே சொல்லை எந்த வாயால் சொல்வது? ஒருவழியாகச் சொல்லி முடித்தார்.

இராஜம்மா அவர் முகத்தையே பார்த்தார்.

"இந்தத் தடவை நெசந்தானே டாக்டரம்மா?"

"நெசம்தான் அக்கா."

"அப்ப சரி. நான் என்னா செய்யணும், சொல்லுங்க" என்று பாயை விரித்துப் போட்டு, அவருக்கும் இடம் விட்டு உட்கார்ந்தார்.