மாப்பிள்ளை கொண்டுவந்த பெட்டி

அக்கம்பக்கத்தில் அவருக்கு ஃபியூஸ் என்று பெயர். கார்களுக்கு வயரிங் வேலை பார்ப்பவர் என்பதால் அல்ல, தொட்டால் பட்டென்று எரிந்துவிழுவார் என்பதால். ஸ்பேனர் கை நழுவினால் ஸ்பேனருக்குத் திட்டு. மழை வந்தால் மழைக்குத் திட்டு. வண்டி கொண்டுவருகிறவர்கள் காரணமே இல்லாமல் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள், பிறகு மறுபடியும் வந்து நிற்பார்கள். வேலைச் சுத்தம் அப்படி.

உலகத்தில் ஒரே ஓர் ஆளைத்தான் அவரால் திட்ட முடியாது. அவருடைய மாப்பிள்ளையை. பெண்ணைக் கொடுத்த இடம், வாயைத் திறந்தால் "வாங்க, உட்காருங்க" தவிர வேறெதுவும் வரக் கூடாது என்று மனைவி கல்யாணத்தன்றே காதோடு சொல்லி வைத்திருந்தார். அன்றிலிருந்து ஃபியூஸ் அந்த ஒரு மனிதரிடம் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வருகிறார்.

சிரிக்கிற மாதிரியா இருந்தது விஷயம்? மாப்பிள்ளை வீட்டில் ஒரு டர்போ கார். கம்பெனி செய்து அனுப்பியதில் பாதிகூட அதில் மிச்சமில்லை. முதலில் சைலன்சர் மாறியது, பிறகு டர்போவே பெரிதானது. ஒவ்வொரு தடவையும் கார் இன்னும் கொஞ்சம் உறுமும், ஃபியூஸுக்கு இன்னும் கொஞ்சம் வயிறு எரியும். அந்தக் காரில்தான் மகள் தினமும் நெடுஞ்சாலை வழியாக வேலைக்குப் போய்வருகிறாள். லாரியை முந்தும்போது இன்ஜின் காலை வாரிவிட்டால்? "என் பொண்ணை உள்ள உட்கார வெச்சுக்கிட்டு விளையாடுறான் பாரு அவன்" என்று பக்கத்து டயர் கடைக்காரரிடம் புலம்பித் தீர்ப்பார். மாப்பிள்ளையின் தலை தெரிந்ததும், "வாங்க மாப்பிள்ளை!"

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான் வரவேற்றார். மாப்பிள்ளையின் கையில் தட்டையான ஓர் அலுமினியப் பெட்டி இருந்தது. எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும், எப்போது பற்றவைக்க வேண்டும் என்று இன்ஜினுக்குக் கட்டளை போடுகிற கம்ப்யூட்டர் அது.

"செகண்ட் ஹேண்ட் மாமா. ரீமேப் பண்ணினது. காருல இருக்கிறதைக் கழட்டிட்டு இதை மாட்டித் தரணும்."

வேறு எவனாவது கொண்டுவந்திருந்தால் ஃபியூஸ் அவனைக் குடைந்து எடுத்திருப்பார். இது எந்தக் காரில் இருந்தது, அதில் என்ன டர்போ, பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் என்ன அளவு, உள்ளே கணக்கை மாற்றி எழுதியது யார்? ரீமேப் செய்த பெட்டி என்பது இன்னொருவன் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. கேட்காமல் மாட்டக் கூடாது. ஆனால் மாப்பிள்ளையை நிற்க வைத்துக் குறுக்கு விசாரணை செய்ய முடியுமா?

"அதுக்கென்ன, மாட்டிட்டாப் போச்சு" என்றார்.

பேட்டரி வயரைக் கழற்றினார். வைப்பருக்குக் கீழே இருந்த மூடியைத் தூக்கிப் பழைய பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். புதியதில் சாவியை அடையாளம் கேட்கிற பூட்டை யாரோ ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்ததால் கார் முதல் திருப்பலிலேயே கிளம்பியது. நின்ற நிலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஓட்டிப் பார்ப்போம் என்று மாப்பிள்ளை ஸ்டியரிங்கில் உட்கார, ஃபியூஸ் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

கிடங்குகளைத் தாண்டி நேர் சாலை வந்தது. மாப்பிள்ளை அழுத்தினார். டர்போ காற்றைத் திணிக்கத் தொடங்கியதுதான் தாமதம், பானட்டுக்கு அடியில் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கும் சத்தம். ஃபியூஸுக்குப் புரிந்துவிட்டது. காற்று போகிற அளவுக்குப் பெட்ரோல் போகவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் இப்படியே போனால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் மெதுவா..."

மாப்பிள்ளைக்குக் காதில் விழவில்லை. இன்னும் அழுத்தினார்.

"யோவ்! காலை எடுய்யா! இன்ஜினை உருக்கித் தொலைக்கப் போறியா? அறிவிருக்கா உனக்கு?"

கார் ஓரமாக நின்றது. ஃபியூஸ் நிற்கவில்லை. கல்யாண நாள் முதல் விழுங்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. "இதுல உட்கார்ந்து போறது என் பொண்ணுய்யா! அவ உசுரு உனக்கு விளையாட்டா?"

மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. "மாமா, சத்தியமா எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. டயர் மாத்தக்கூட வராது. எல்லாம் உங்க பொண்ணுதான். டர்போ மாத்தினது, இந்தப் பெட்டியைத் தேடி வாங்கினது, எல்லாமே அவதான்."

காரை உருட்டுகிற வேகத்தில் பட்டறை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளை போன் செய்ததும் மகள் வந்து சேர்ந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தாள்.

"இன்ஜெக்டரைக் குடுத்தீங்களா இல்லையா?"

"டிக்கியிலதான் இருக்கு. மாமா முகத்தைப் பார்த்ததும் மறந்துட்டேன்."

டிக்கியில் ஒரு பொட்டலம். உள்ளே பெரிய இன்ஜெக்டர்கள். அந்தப் பெட்டியின் கணக்கு முழுவதும் இவற்றுக்காக எழுதியது. இவற்றோடு சேர்த்து மாட்டியிருந்தால் எந்த வம்பும் இல்லை.

"இதையெல்லாம் எங்க கத்துக்கிட்ட?" என்று ஃபியூஸ் சீறினார்.

"இங்க இல்ல."

"எங்கிட்ட நேரா கொண்டுவந்தா என்ன?"

"வந்தேனே! பள்ளிக்கூடம் முடிச்ச கையோட இதே வாசல்ல வந்து நின்னேன். 'பொம்பளப் புள்ளைக்கு இங்க என்ன வேலை, வீட்டுக்குப் போ'ன்னு துரத்தினீங்க. நான் கொண்டுவந்தா திட்டு, அவர் கொண்டுவந்தா 'வாங்க மாப்பிள்ளை'. அதான் அவர்கிட்ட குடுத்துவிட்டேன். ஊர்ல இருக்கிறவனை எல்லாம் கேள்வி கேட்டுக் கொல்லுவீங்களே, அவரை ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா இது நடந்திருக்குமா?"

மகளைத் திட்டலாம். அதற்குத் தடை சொல்ல ஆளே இல்லை. கோபம் இருந்தது, உச்சந்தலை வரை இருந்தது. ஆனால் அது மொத்தமும் அவர்மேலேயே திரும்பியிருந்தது, அந்த வித்தை அவருக்குப் பழக்கமில்லை.

மகள் மேசைமேல் இருந்த பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தெருவிலேயே மாட்டினாள். உதவிக்குக் கூப்பிடவில்லை. இன்ஜினை ஓடவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டாள். சேதம் இல்லை. நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை மறுபக்கம் ஏறிக்கொண்டார்.

ஏதாவது சொல்லி அனுப்ப வேண்டும் என்று ஃபியூஸுக்குத் தவித்தது. ஓட்டமாகப் போய், ஸ்டியரிங்கில் யார் என்று பார்க்காமல், பழக்கத்தில் மாப்பிள்ளை இருந்த ஜன்னலில் குனிந்தார்.

"இன்ஜெக்டர் மாத்தாம அந்தப் பெட்டியை மாட்டிடாதீங்க மாப்பிள்ளை. மாட்டினாலும் எடுத்தவுடனே அழுத்தாம, சூடாக விட்டு, மெதுவா ஓட்டுங்க."

மாப்பிள்ளை பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்.

"ஓட்டுறது நான்ப்பா" என்றாள் மகள், கியரைப் போட்டாள்.